வல்லரசுகளின் நடுவே ஒரு சிற்றரசர்: கொச்சி சக்தன் தம்புரான்

மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் யாவரும் நன்கு அறிந்த பழைய அரண்மனை ஒன்று உண்டு. போர்ச்சுகீசியர் 1555-ஆம் ஆண்டளவிலே கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தது அது. ஒரு நூற்றாண்டு கழிந்தபின் ஒல்லாந்தர் அதனைப் புதுப்பித்தனர். அதனாலே 'டச்சு அரண்மனை' என்னும் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. கட்டியவர் ஒருவர், பழுது பார்த்தவர் மற்றொருவர், வாழ்ந்தவரோ கொச்சி மன்னர். அரண்மனை வளாகத்தினுள்ளே பழையன்னூர் பகவதியின் கோயில். மதிலுக்கு அப்பால் யூதரின் தொழுகைக்கூடம். சற்றுத் தொலைவிலே செர்ளாயில் கொங்கணியரின் திருமலைக் கோயில். இச்சிறு வட்டாரத்தைக் கூர்ந்து நோக்குவார்க்கு, ஒரு சிற்றரசின் வெளிநாட்டுக் கொள்கை முழுவதும் கல்லிலும் சுண்ணத்திலும் எழுதி வைக்கப்பட்டிருப்பது விளங்கும்.

பேரரசுகளுக்கு நடுவே அகப்பட்ட சிறிய நாடு எங்ஙனம் வாழ்வது? தன் மானத்தையும் அறத்தையும் விடாது நின்று அழிந்துபடுவதா? வலியாரைப் பணிந்து உயிர் பிழைப்பதா? இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டா? இவ்வினா இன்று உலக மன்றங்களிலே பேசப்படுகிறது. ஆயினும் இது புதியதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இம்மண்ணில் இதற்கு விடை காண முயன்ற ஓர் அரசர் இருந்தார். மக்கள் அவரைச் 'சக்தன் தம்புரான்' என்று அழைத்தனர். ஆற்றல் உடையவர் என்பது அதன் பொருள். அவருடைய வெற்றியும் நமக்குப் பாடம். அவருடைய வீழ்ச்சியும் நமக்குப் பாடம்.

முன்னோர் வகுத்த நெறி

கொச்சி ராஜ்யம் பரப்பளவிலே மிகச் சிறியது. ஏறத்தாழ 1,400 சதுர மைல். வடக்கே கோழிக்கோட்டுச் சாமூதிரி, தெற்கே திருவிதாங்கூர், கிழக்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக எப்பொழுதும் எதிர்பார்க்கத்தக்க படையெடுப்பு, மேற்கே கடல். அக்கடல் வழியே மிளகை நாடி வந்தவரோ ஒருவர் பின் ஒருவராக வந்த ஐரோப்பியர்.

1503-ஆம் ஆண்டிலே, தம்மிடம் தங்கியிருந்த போர்ச்சுகீசியரை ஒப்படைக்குமாறு சாமூதிரி கேட்டபொழுது கொச்சி மன்னர் மறுத்துவிட்டார். நகரம் பறிபோயிற்று. மன்னர் வைப்பின் தீவிலே ஒதுங்கினார். ஆயினும் அடைக்கலம் புகுந்தோரைக் காட்டிக் கொடுக்கவில்லை. போர்ச்சுகீசியக் கப்பற்படை வந்து அவரை மீண்டும் அரியணையில் அமர்த்தியது. அதே ஆண்டிலே கொச்சியில் ஐரோப்பியரின் முதற் கோட்டை எழுந்தது. நண்பராக வந்தவர் நாளடைவிலே தலைவராயினர். அடைக்கலம் தந்ததன் புகழும், துணை தேடியதன் விலையும் ஒருங்கே கிட்டின என்னலாம்.

இருந்தபோதிலும் அடைக்கலம் தரும் மரபைக் கொச்சி மன்னர் கைவிடவில்லை. கொடுங்கல்லூரிலே போர்ச்சுகீசியரால் அல்லலுற்ற யூதர்கள் ஓடிவந்தபோது, தம் அரண்மனைக்கு அருகிலேயே அவர்கட்கு இடம் அளித்தார் அந்நாளைய மன்னர். 1568-ஆம் ஆண்டிலே அவர்களுடைய தொழுகைக்கூடம் எழுந்தது. கோவாவிலே சமயக் கொடுமைக்கு ஆளான கொங்கணியரும் அவ்வாறே வந்து செர்ளாயில் குடியேறினர். சிந்தித்துப் பாருங்கள். கொச்சி மன்னரின் பாதுகாவலர் போர்ச்சுகீசியர். அவர்களால் துன்புற்று வந்தோர்க்கே மன்னர் இடம் அளித்தார்! பாதுகாவலரை எதிர்த்துப் போர் தொடுக்கவும் இல்லை. அவர்தம் கொடுமைக்கு உடன்படவும் இல்லை. வெளியே வளைந்து கொடுத்து, உள்ளே சொல் தவறாமல் நிற்பது என்பதே அந்நெறி. வந்தவர்களோ கைம்மாறு மறக்கவில்லை. அவர்களுடைய வாணிகத்தாலே மட்டாஞ்சேரி செழித்தது.

இளமையும் பொறுப்பும்

இத்தகைய மரபிலே 1751-ஆம் ஆண்டு வெள்ளாரப்பள்ளிக் கோவிலகத்தில் இராமவர்மர் பிறந்தார். இளமையிலேயே அன்னையை இழந்த அவரைச் சிற்றன்னையார் எடுத்து வளர்த்தார். கல்வியிலும் ஒழுங்கிலும் கண்டிப்பான வளர்ப்பு அது. 1769-ஆம் ஆண்டிலே, பதினெட்டாம் வயதில், அவர் இளவரசரானார். ஆட்சிப் பொறுப்பும் பெரும்பாலும் அவர் கைக்கு வந்தது. அரியணை ஏறியது 1790-ஆம் ஆண்டிலேதான். எனினும் அதற்கு இருபது ஆண்டுகள் முன்னதாகவே கலத்தின் சுக்கான் அவர் கையில் இருந்தது என்று கூறலாம்.

அவர் பொறுப்பேற்ற வேளை எளிதன்று. சாமூதிரியின் படையைத் திருவிதாங்கூரின் துணை கொண்டு வெளியேற்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நாட்டின் உள்ளே நாடுவாழிகள் தத்தம் எல்லையில் தாமே அரசராக நடந்துகொண்டனர். தன் வீட்டிலே அடங்காதவர் பலர் இருக்கையில், அயலாரிடம் பேச வருபவனின் சொல்லுக்கு மதிப்பு ஏது? இதனை இளவரசர் நன்கு உணர்ந்திருந்தார். ஆகவே நாடுவாழிகளின் அதிகாரத்தை ஒடுக்கினார். கோயிற் சொத்துக்களை ஆண்டுவந்த யோகாதிரிகளின் ஆதிக்கத்தையும் ஒழித்தார். நாட்டைப் பகுதிகளாகப் பிரித்துக் காரியக்காரர் வழியாகத் தாமே ஆண்டார். அவர் கை இரும்புக் கை. திருடரும் கொள்ளையரும் அஞ்சி நடுங்கினர் என்பது இன்றளவும் மக்கள் வாயிலே வழங்கும் செய்தி.

மைசூர்ப் புயல்

1766-ஆம் ஆண்டிலே ஹைதர் அலி மலபாரின் மேல் படையெடுத்தார். சாமூதிரி தம் அரண்மனைக்குத் தாமே தீ மூட்டி அதிலே மாய்ந்தார். வடமலபாரின் அரச குலத்தார் பலர் நாட்டை விட்டு ஓடினர். 1776-ஆம் ஆண்டிலே மைசூர்த் தளபதி சர்தார் கான் திருச்சூர் வரையில் வந்துவிட்டார். ஒல்லாந்தருடன் கொச்சிக்குப் பழைய உடன்படிக்கை இருந்தது. ஆயினும் அவர்தம் வலிமை குன்றிவிட்டிருந்தது. அந்நிலையில் கொச்சி போரிடவில்லை. மைசூருக்குக் கப்பம் கட்ட இசைந்தது.

இதனைக் கோழைமை என்று கூறலாமா? கௌடில்யர் தம் அர்த்தசாஸ்திரத்திலே வலிமை குன்றிய அரசனுக்கென்றே தனிப்பகுதி ஒன்றை வகுத்துள்ளார். எங்கும் பணிந்து கிடப்பவனும் வாழான். சிறு படையோடு பெரும்படையின் மேல் பாய்பவனும் வாழான். பகைவனிலும் பெரியவனைச் சார்ந்தோ, அரண் உடைய இடத்தைச் சார்ந்தோ காலத்தை எதிர்நோக்குபவனே வாழ்வான் என்பது அவர் கருத்து. நம் வள்ளுவப் பெருந்தகையும் பொருட்பாலிலே வலியறிதல், காலம் அறிதல், இடன் அறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். வலி அறிந்த பின்னரே காலம்; காலம் அறிந்த பின்னரே இடம். கொச்சி முதலிலே தன் வலியை அறிந்தது. காலத்துக்குக் காத்திருந்தது.

காத்திருத்தல் எளிதாக இல்லை. 1783-ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் பாலக்காட்டுக் கோட்டையைப் பிடித்தனர். மைசூரின் பிடி தளர்ந்துவிட்டது என்று பலர் களித்தனர். ஆனால் அடுத்த ஆண்டே மங்களூர் உடன்படிக்கை ஏற்பட்டது. பிடித்த இடங்களை ஆங்கிலேயர் திருப்பிக் கொடுத்தனர். அவர்களை நம்பி முன்கூட்டியே எழுந்தோர் நடுத்தெருவில் நின்றனர். வல்லரசுகளின் போரிலே சிற்றரசுகள் பகடைக்காய்கள். ஆட்டம் முடிந்ததும் காய்களைப் பெட்டியில் போட்டு மூடிவிடுவர். இந்த உண்மை கொச்சியின் கண்முன்னே நிகழ்ந்து காட்டியது.

இதன்பின் வந்தது பெருஞ்சோதனை. ஹைதரின் மைந்தர் திப்பு சுல்தானுக்குத் திருவிதாங்கூரின் மேல் கண் இருந்தது. திருவிதாங்கூரார் கட்டியிருந்த நெடுங்கோட்டை என்னும் நீண்ட அரணின் ஒரு பகுதி கொச்சி மண்ணிலே அமைந்திருந்தது. கொச்சி தமக்குக் கப்பம் கட்டும் நாடு. ஆகவே அம்மண்ணிலே திருவிதாங்கூர் அரண் கட்டியது முறையன்று என்பது திப்புவின் வாதம். 1788-ஆம் ஆண்டிலே பாலக்காட்டில் கொச்சியரசர் திப்புவைக் கண்டார். திருவிதாங்கூரையும் கப்பம் கட்டச் செய்யுமாறு திப்பு அவரிடம் வற்புறுத்தினார். கொச்சி அச்செய்தியைத் திருவிதாங்கூருக்குத் தெரிவித்தது. தாம் ஆங்கிலேயரின் நண்பர் என்றும், அவர்களைக் கேளாமல் எதுவும் செய்ய இயலாது என்றும் திருவிதாங்கூர் தர்மராஜா விடையளித்தார்.

ஒருபுறம் கப்பம் பெறும் வல்லரசு. மறுபுறம் இடுக்கணிலே துணை நின்ற அண்டை நாடு. முன்னதைப் பகைத்தால் நாடு அழியும்; பின்னதைக் காட்டிக் கொடுத்தால் சொல் அழியும். கொச்சி என் செய்தது? தூதனாக நின்றது, ஆனால் படையாக நிற்க மறுத்தது. திப்பு மீண்டும் அழைத்தபொழுது போகாமல் நாள் கடத்தியது. 1789-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் திப்புவின் படை நெடுங்கோட்டையைத் தாக்கிப் பின்வாங்கியது. 1790 ஏப்ரலில் அரணை உடைத்து உள்ளே புகுந்து, ஆலுவாய் வரையில் வந்தது. கொச்சி அரச குடும்பம் தெற்கே திருவிதாங்கூர் எல்லைக்குள் புகலடைந்தது. பிறருக்கு அடைக்கலம் தந்து பழகிய குலம் தானே அடைக்கலம் தேட நேர்ந்தது! அதனை அளித்தவர், தாம் காட்டிக் கொடுக்காத அதே தர்மராஜா. ஒரு நாடு அண்டை நாட்டுக்குச் செய்த நன்றி வீண்போவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆங்கிலேயர் திருச்சிராப்பள்ளியிலே படை திரட்டினர், மழைக்காலமும் நெருங்கிற்று, திப்பு திரும்பிச் சென்றார். அவ்வாண்டிலேயே முதிய அரசர் காலமானார். இராமவர்மர் முடி சூடினார்.

புதிய உடன்படிக்கை

முடி சூடிய அரசர் உடனே ஒரு முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒல்லாந்தர் தளர்ந்துவிட்டனர், மைசூர் போரிலே சிக்கியது, ஆங்கிலக் கும்பினியார் வளர்ந்து வந்தனர். 1791 ஜனவரியிலே கும்பினியாருடன் கொச்சி உடன்படிக்கை செய்துகொண்டது. மைசூரின் தொடர்பை அறுப்பது. முதலாண்டு 70,000 ரூபாய், இரண்டாம் ஆண்டு 80,000, மூன்றாம் ஆண்டு 90,000, அதன்பின் ஆண்டுதோறும் ஒரு லட்சம் ரூபாய் கப்பம் செலுத்துவது. உள்நாட்டு ஆட்சி மன்னரிடமே இருப்பது என்பன அதன் சாரம்.

கப்பம் கொடுத்து ஆட்சியைக் காத்துக்கொண்டார் மன்னர். 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினாலே மலபார் கும்பினியாரின் கைக்குப் போயிற்று. மலபார் மன்னர்கள் நாளடைவிலே மானியம் பெறுவோராயினர். 1795 அக்டோபரிலே ஒல்லாந்தரின் கொச்சிக் கோட்டையும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. இவ்வளவு மாறுதலுக்கும் இடையே கொச்சி அரியணை அசையாமல் நின்றது. நடைமுறை அறிவின் வெற்றி இது என்பதில் ஐயமில்லை.

கிடைத்த அமைதியை மன்னர் வீணாக்கவில்லை. திருச்சூரைத் தம் இருப்பிடமாக்கினார். வடக்குந்நாதன் கோயிலைச் சூழ்ந்திருந்த தேக்கங்காட்டை வெட்டித் திருத்தி மைதானமாக்கினார். வாணிகம் வளரும்பொருட்டுச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களை அழைத்து அங்கே குடியேற்றினார். உலகப் புகழ் பெற்ற திருச்சூர்ப் பூரம் அவரால் தொடங்கப்பெற்றதே.

மட்டாஞ்சேரியில் நேர்ந்த களங்கம்

இனிச் சொல்ல வேண்டுவது வருத்தம் தருவது. ஆயினும் பெரியோர் வரலாற்றை எழுதுவோர் குறையை மறைத்துக் குணத்தை மட்டும் கூறின், அது வரலாறு ஆகாது, புகழ்மாலையே ஆகும்.

ஆங்கிலேயருடன் உடன்படிக்கை ஏற்பட்ட அதே 1791-ஆம் ஆண்டிலே, மட்டாஞ்சேரிக் கொங்கணிய வணிகருக்கும் மன்னருக்கும் பூசல் மூண்டது. கொங்கணியரின் மேல் அதிகாரம் யாருக்கு என்பது ஒல்லாந்தருக்கும் கொச்சிக்கும் நெடுநாளாக இருந்த வழக்கு. தாம் ஒல்லாந்தரின் பாதுகாப்பில் உள்ளவர் என்பது வணிகர் கூற்று. தம் மண்ணில் வாழ்வோர் தம் குடிகளே என்பது மன்னர் கூற்று. பணத் தேவை மிகுந்திருந்த காலம். திருமலைக் கோயிலின் செல்வத்தின்மீது மன்னரின் பார்வை சென்றது. அக்டோபர் திங்களிலே மன்னரின் ஆட்கள் கொங்கணிய வணிகத் தலைவர் சிலரைக் கொன்றனர். கடைகள் சூறையாடப்பட்டன. ஒல்லாந்தர் தலையிட்டனர், மோதலுக்குப் பின் உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் இறந்தவர் மீளவில்லை. எஞ்சியோர் பலர் தம் தெய்வத் திருமேனியையும் எடுத்துக்கொண்டு திருவிதாங்கூருக்குப் போய்விட்டனர்.

அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் ஆலப்புழை. அங்கே திவான் ராஜா கேசவதாஸ் துறைமுகத்தை வளர்த்துக்கொண்டிருந்தார். குஜராத்திலும் கச்சிலும் இருந்து வணிகரை வரவேற்றுக்கொண்டிருந்தார். கொச்சி இழந்ததை ஆலப்புழை பெற்றது. அத்தெய்வத் திருமேனி செர்ளாய்க்குத் திரும்பியது 1853-ஆம் ஆண்டிலேதான். ஒரு நாள் சினத்தின் விலை அறுபது ஆண்டுப் பிரிவு!

ஹைதருக்கு வளைந்து கொடுத்தவர், திப்புவிடம் நாள் கடத்தியவர், ஆங்கிலேயரிடம் எண்ணி எண்ணிப் பேரம் பேசியவர், தம் நிழலில் ஒதுங்கிய வணிகரிடம் மட்டும் பொறுமை இழந்தது ஏன்? வலியாரிடம் அடங்கி நடந்த அரசு, அதன் வெப்பத்தை மெலியாரிடம் காட்டுவது உலகெங்கும் காணப்படும் கேடு. அயலாரின் முன் இழந்த தலைமையை அடியாரின் முன் நிலைநாட்ட முயல்கிறது அது. ஆனால் சிறு நாட்டுக்கு உண்மையான அரண் எது? படையன்று, கோட்டையன்று, இங்கே வந்தால் உயிரும் பொருளும் தப்பும் என்று நாடு கடந்து வருவோர் கொள்ளும் நம்பிக்கையே. அந்நம்பிக்கையைக் கொச்சி முன்னோர் போர்ச்சுகீசியரின் முன்னிலையிலும் காத்தனர். சக்தன் தம்புரான் அதனை ஒரே மாதத்திலே சிதைத்துவிட்டார்.

இரு வேறு முடிவுகள்

1805-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் திருச்சூரிலே சக்தன் தம்புரான் காலமானார். வடக்கேச்சிறை அரண்மனை வளாகத்திலே அவருடைய சமாதி உள்ளது. இரண்டு திங்கள் கழித்து, நவம்பர் 30-ஆம் நாள், வயநாட்டுக் காட்டிலே கும்பினிப் படையை எதிர்த்து நின்ற கேரளவர்ம பழசி ராஜா உயிர் நீத்தார். அதற்கு ஆறாண்டு முன்னர், 1799-ஆம் ஆண்டிலே, கயத்தாற்றில் நம் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-ஆம் ஆண்டிலே திருப்பத்தூரில் மருது சகோதரர் அதே முடிவை எய்தினர். கிரேக்க நாட்டிலும் கி.மு. 416-ஆம் ஆண்டிலே ஏதென்சுக்குப் பணிய மறுத்த மெலோஸ் என்னும் சிறு தீவு அழிக்கப்பட்டது, ஆடவர் கொல்லப்பட்டனர், மகளிரும் மக்களும் அடிமைகளாயினர்.

மானத்துக்காக மாய்ந்தோர் பாட்டிலே வாழ்கின்றனர். வளைந்து நின்று நாட்டைக் காத்தோர் பாட்டிலே இடம் பெறுவது அரிது. அவர்தம் குடிகளின் அடுப்பிலே புகையும் நெருப்பே அவர்கட்குப் பாட்டு. இவரினும் அவர் உயர்ந்தவர் என்று தீர்ப்புக் கூற நாம் யார்? எனினும் ஒன்று கூறலாம். வளைந்து கொடுப்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். சக்தன் தம்புரான் மறைந்தபின் கும்பினியாரின் பிடி இறுகிற்று. 1808-ஆம் ஆண்டிலே திருவிதாங்கூர் வேலுத்தம்பியும் கொச்சி அமைச்சர் பாலியத்தச்சனும் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடங்கியது. 1809-ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் கொச்சியின் கப்பம் 2,76,037 ரூபாயாக உயர்ந்தது. ஒரு வல்லரசை விலக்க மற்றொரு வல்லரசை அழைப்பவர், அழைக்கும் நாளிலேயே அதன் கணக்கையும் எழுதத் தொடங்குகின்றனர் என்பது உண்மையன்றோ?

ஆயினும் கொச்சி ராஜ்யம் நிலைத்தது. நாடு விடுதலை பெற்றபின், 1949-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் திருவிதாங்கூருடன் இணைந்து பெரிய பாரதத்திலே அமைதியாகக் கலந்தது.

நாம் கொள்ளத்தக்க பொருள்

நாமும் வந்தேறிய மக்கள். ஒல்லாந்தர் காலத்திலே துணி வெளுக்க அழைத்து வரப்பட்டதாகச் சொல்லப்படும் தமிழ்க் குடும்பங்களின் வழியினர் வெளி மைதானத்தை அடுத்து வாழ்கின்றனர். கடை வைத்தோரும், அலுவல் நாடியோரும், துறைமுகத்தில் உழைக்க வந்தோரும் அவர்களைப் பின்தொடர்ந்தனர். குஜராத்தியரும், கச்சியரும், கொங்கணியரும், தமிழரும் தத்தம் மொழி பேசித் தத்தம் தெய்வத்தைத் தொழுது ஒரே தெருவிலே வாழும் ஊர் இது. இவ்வாழ்வு தானே முளைத்ததன்று. வந்தோரை வாழவைப்போம் என்று இம்மண் பல முறை தந்த சொல்லின் விளைவு இது. அச்சொல் காக்கப்பட்ட நாளெல்லாம் கொச்சி வளர்ந்தது. தவறிய நாளிலே தளர்ந்தது.

அரசுகளுக்கு உரைத்தது குடும்பங்களுக்கும் பொருந்தும். நம்மினும் வலியாரோடு வாதிட்டு மாய வேண்டுவதில்லை. காலம் அறிந்து நடத்தல் இழிவன்று. ஆனால் நம்மை நம்பி வந்தவரிடம், நம் வீட்டு வாயிலில் நிற்கும் எளியவரிடம், நாம் கொடுத்த சொல்லை ஒருபோதும் கைவிடலாகாது. வலியாரிடம் பொறுமையும், எளியாரிடம் வாய்மையும் உடையது எதுவோ, அதுவே சிறியதாயினும் பெருநாடு. அதுவே சிறியதாயினும் பெருங்குடி. சக்தன் தம்புரானின் வாழ்வு, அதன் ஒளியாலும் நிழலாலும், நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.